ஆறாம் ஹென்றி காலத்து வெள்ளிக் காசு: எந்த வெளியீடு என்று சொல்ல முடியுமா?

நண்பர்களே, வணக்கம். லண்டனில் ஒரு பழைய காசுக் கடையில் இதை வாங்கினேன். இங்கிலாந்தின் ஆறாம் ஹென்றி வெளியிட்ட குரோட், அதாவது நான்கு பென்னி மதிப்புள்ள வெள்ளிக் காசு. இரண்டு அச்சுகளுக்கு நடுவே வெள்ளித் தகட்டை வைத்துச் சுத்தியலால் அடித்தது என்பதால் வட்டம் கொஞ்சம் கோணல்.

பின்பக்கம் 'வில்லா கலீசியே', அதாவது 'கலே நகரம்' என்று தெளிவாகவே படிக்க முடிகிறது. கலே இன்று பிரான்சில் இருக்கிறது. 1347 முதல் 1558 வரை ஆங்கிலேயர் கையில் இருந்தது. ஆங்கிலக் கம்பளி அங்கே போய்த்தான் விற்பனையாகும். அதற்கு விலையாக வந்த வெள்ளியைத்தான் அங்கேயே உருக்கிக் காசாக்கினார்கள். 1422இல் ஹென்றி அரசரானபோது ஒன்பது மாதக் குழந்தை! காசில் இருப்பதோ முடிசூடிய வாலிப முகம். யாருடைய நிஜ முகமும் அல்ல, வழிவழியாக வந்த பொது உருவம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சரி, சந்தேகத்துக்கு வருகிறேன். முன்பக்க எழுத்துகளுக்கு இடையில் உள்ள சின்னக் குறி தேய்ந்திருக்கிறது. வளையமா, சாய்சதுரமா என்று புரியவில்லை. வளையம் என்றால் 1420களின் முற்பகுதி வெளியீடு. சாய்சதுரமும் ரோஜாவும் என்றால் அதற்கு அடுத்தது. எடை 3.6 கிராம். அன்றைய விதிப்படி சுமார் 3.9 இருக்க வேண்டும். விளிம்பை யாரோ கத்தரித்திருக்கிறார்கள் போல.

பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன். கழுத்தின் இருபுறமும் வளையம் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். அப்புறம், காசில் படிந்திருக்கும் கருமையை அப்படியே விட்டுவிடலாம்தானே? தேய்க்க மனம் வரவில்லை.