நீளும் வறட்டு இருமல்: காரணம் தெரிய வந்தவர்களின் அனுபவங்கள்

தொடக்கப் பதிவு

இரத்த அழுத்தத்துக்காக ராமிப்ரில் மாத்திரையை உட்கொள்ளத் தொடங்கிச் சில வாரங்கள் சென்றபின், எனக்குத் தொண்டையில் ஓயாத கமறல் ஏற்பட்டு, அது வறட்டு இருமலாக முற்றியது. காய்ச்சலோ சளியோ இல்லை. ஆனால் பேச வாயெடுத்தாலும் படுக்கையில் சாய்ந்தாலும் இருமல் வந்துவிடும். இருமல் மருந்துகளால் பயனில்லை, மார்பு எக்ஸ்ரேயிலும் குறை எதுவும் தென்படவில்லை. நான் பார்த்த மூன்றாவது மருத்துவர், மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைப்பதற்கு முன்பே, நான் உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தின் பெயர்களையும் கேட்டார். ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற ஏசிஇ தடுப்பான்கள் முடக்கும் நொதியே பிராடிகைனின் என்ற பொருளையும் சிதைப்பதால், அந்நொதி முடங்கும்போது பிராடிகைனின் தேங்கி, மூச்சுக்குழாயின் நரம்புகளைக் கூருணர்வு கொள்ளச் செய்கிறது என்று அவர் விளக்கினார். இந்த இருமல் முதல் மாத்திரையுடனும் தொடங்கலாம், பல மாதங்கள் கழித்தும் தொடங்கலாம் என்பதால்தான் மாத்திரையின் மீது எளிதில் ஐயம் எழுவதில்லை. அவர் லோசார்டான் என்ற வேறு வகை இரத்த அழுத்த மாத்திரைக்கு மாற்றிக் கொடுத்தார். மாற்றிய மறுநாளே நின்றுவிடும் என எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலும் 1 முதல் 4 வாரங்களில் தணியும், சிலருக்கு 3 மாதங்கள் வரையும் ஆகும். இதைப் படித்துவிட்டு எவரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பதில்

எனக்கு மாத்திரை எதுவும் இல்லை. காரணம் வயிற்றில் இருந்தது. நெஞ்செரிச்சல் ஒருநாளும் இருந்ததில்லை என்பதால், இரைப்பை அமிலம் உணவுக்குழாயில் மேலேறுவதே காரணம் என்று சொல்லப்பட்டபோது நான் நம்பவில்லை. இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே 3 மணி நேரம் விட்டு, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தியபின் இருமல் மெல்ல மெல்லக் குறைந்தது. தலையணைகளை அடுக்குவதால் உடல் நடுவில் மடிந்து வயிறு அழுந்துகிறதேயன்றி வேறு நன்மை இல்லை என்பது என் அனுபவம்.

பதில்

காதைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் இருமுகிறவர் எவரேனும் இங்கே உண்டா? தொண்டைக்கும் மூச்சுக்குழாய்க்கும் செல்லும் வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதுத்துளையின் தோலுக்கும் செல்வதால், அங்கே தொடும்போது சிலருக்கு இருமல் எழுகிறது. இதற்கு ஆர்னால்டு நரம்பு அனிச்சை என்று பெயர். என் தந்தைக்குக் காதில் இறுகிக் கிடந்த குறும்பியை எடுத்தபின் நெடுநாள் இருமல் நின்றது. அரிதான காரணம்தான், ஆனாலும் காதை எட்டிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது.

பதில்

மூவரும் எழுதியவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பெரியவர்களுக்கு 8 வாரங்களைக் கடந்த இருமலையே மருத்துவர்கள் நாள்பட்டது என்கிறார்கள். வைரஸ் தொற்றுக்குப் பிந்தைய இருமல் பல வாரங்கள் இழுத்துத் தானாகவே அடங்குவதும் உண்டு. ஆனால் இரத்தம் கலந்த சளி, உடல் மெலிவு, இரவு வியர்வை, மாலைக் காய்ச்சல் ஆகியவற்றில் எது இருந்தாலும் அந்தக் கணக்கைப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் ஒருவருக்குக் காசநோய் கண்டறியப்பட்டது, புகைப்பவரின் வழக்கமான இருமல்தான் என்று எல்லோரும் ஒதுக்கிவிட்ட பிறகு, சளிப் பரிசோதனையில்தான். என் மகளுக்கோ இளைப்பே இல்லாத ஆஸ்துமா. பின்னிரவிலும் ஓடியாடிய பின்னும் மட்டுமே இருமுவாள். மருத்துவரின் அறையில் ஒருமுறை கூட இருமாததால், இரவில் கைப்பேசியில் பதிவு செய்த ஒலியையும், இருமல் வந்த நேரங்களை எழுதிய தாளையும் கொண்டுபோனோம்; மூச்சுத்திறன் பரிசோதனைக்கு அவர் அனுப்பியது அவற்றைப் பார்த்த பிறகுதான்.