ஆச்சி 80 – வீட்டார் குழு

அருண்: ஆச்சி பிறந்தநாள் அழைப்புப் பக்கம் தயார். படங்கள் ஓடுகின்றன. ஆனால் 'அனைவரும் வருக' படத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. யாராவது பாருங்களேன்

டோம்பிவிலி சித்தி: படங்கள் அருமை 😍

பெரியப்பா: எனக்குத் திறக்கவே இல்லை

செல்வம் சித்தப்பா: எது மேலே, எது அடியில் என்று சொல்லும் இசட்-இண்டெக்ஸ் எண் எவ்வளவு கொடுத்தாய்?

அருண்: 9999

செல்வம் சித்தப்பா: எண்ணைக் கூட்டிப் பயனில்லை. பொசிஷன், அதாவது இடம் வைக்கும் முறை, சொல்லாத சாதாரண டிவ் பெட்டிக்கு இசட்-இண்டெக்ஸ் வேலை செய்யாது. படங்களைச் சுற்றியுள்ள வெளிப்பெட்டிக்கு பொசிஷன் ரிலேட்டிவ் கொடு, எழுத்துக்கு அப்சல்யூட். அப்போது எழுத்து அந்தப் பெட்டியை வைத்து இடம் பிடிக்கும். அப்புறம் 1 கொடுத்தாலே போதும். எழுத்தை ஸ்லைடுக்குள், அதாவது ஓடும் படத்தின் பெட்டிக்குள், வைக்காதே. டிரான்ஸ்ஃபார்ம் படத்தை நகர்த்தும்போது எழுத்தும் கூடவே ஓடிவிடும். வெளிப்பெட்டியில் வை.

டோம்பிவிலி சித்தி: ஞாயிறு மும்பை லோக்கலில் பாதை வேலைக்கு மெகா பிளாக் இருக்குமே, வண்டி மாட்டுங்காவில் நிற்குமா?

பெரியப்பா: குர்லாவில் இறங்கி ஆட்டோ பிடி

பெரியம்மா: ஆட்டோ சயானோடு சரி. மாட்டுங்காவுக்கு டாக்ஸிதான்

அருண்: எழுத்து மேலே வந்துவிட்டது 🙏

பவானி அத்தை: இரண்டாவது படத்தில் என் முகத்தின் மேல் 'வருக'

செல்வம் சித்தப்பா: 😂😂

பவானி அத்தை: சிரிக்காதே தம்பி. உன் கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் இல்லை. இப்போது முகமும் போச்சு

செல்வம் சித்தப்பா: பத்திரிகை அடித்தது அண்ணன்

பெரியப்பா: அது எதற்கு இப்போது

அருண்: எழுத்தைக் கீழே இறக்கிவிட்டேன் அத்தை. ஆனால் ஆச்சியின் வெள்ளைச் சேலையில் வெள்ளை எழுத்து தெரியவில்லை

செல்வம் சித்தப்பா: படத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் கறுப்பு லீனியர் கிரேடியன்ட் போடு. அடியில் அடர்த்தி, மேலே போகப் போக ஒன்றுமில்லாமல். எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 வெளிச்ச வேறுபாடாவது வேண்டும், பெரிய எழுத்துக்கு 3:1 போதும்.

பெரியம்மா: நல்ல காரியத்தில் கறுப்பா?

பவானி அத்தை: அரக்கு வை

செல்வம் சித்தப்பா: அடர்ந்த அரக்கு என்றால் சரி. வெள்ளை எழுத்து நன்றாகவே தெரியும்

பெரியப்பா: திறந்துவிட்டது. அம்புக்குறியைத் தொட்டால் படம் நகரவில்லையே

செல்வம் சித்தப்பா: நீங்கள் தொடுவது அம்புக்குறியை அல்ல அண்ணா, அதன் மேல் கிடக்கும் எழுத்துப் பெட்டியை. அருண், அந்தப் பெட்டிக்கு பாயிண்டர்-ஈவண்ட்ஸ் நன் (none) கொடு, தொடுவது அதைத் தாண்டி அம்புக்குறிக்குப் போகும்

டோம்பிவிலி சித்தி: சமையலுக்கு யாரிடம் சொல்லியிருக்கிறது?

பெரியப்பா: பேசிக்கொண்டிருக்கிறேன்

பெரியம்மா: போன மாதமும் இதைத்தான் சொன்னார்

பவானி அத்தை: அருண், இரண்டாவது படத்தை முதலில் போடு

பெரியப்பா: முதலில் அம்மா தனியாக இருக்கிற படம்தான்

பவானி அத்தை: அம்மா பக்கத்தில்தானே நிற்கிறேன்

அருண்: ராத்திரி பார்க்கிறேன் அத்தை

டோம்பிவிலி சித்தி: குர்லாவிலிருந்து டாக்ஸிக்கு யார் யார் சேர்கிறீர்கள்?