டாடா மொபைல் 207: பின் வீல் சிலிண்டர் எங்கே கிடைக்கும்?

கேள்வி: பழைய 207 பிக்கப். பின் வீல் சிலிண்டரில் (ஆயில் அழுத்தத்தால் பிரேக் ஷூவைத் தள்ளும் சிறு உருளை) பிரேக் ஆயில் கசிகிறது. கடைகளில் அந்தப் பார்ட் வருவதே இல்லை என்கிறார்கள். வேறு எந்த வண்டியினுடையது சேரும்?

பதில்: டாடாவின் பழைய சியராவும் பழைய சுமோவும் 207-இன் அடித்தளத்தில் வந்தவை. முதலில் அவற்றில் தேடுங்கள்; சென்னை என்றால் புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் சந்தை. பெயரை நம்பி வாங்காதீர்கள். பழையதைக் கழற்றிக் கொண்டுபோய் துளை விட்டம், போல்ட் இடைவெளி, பைப் மரை மூன்றையும் ஒத்துப்பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் துளை பெரிதாக இருந்தால் அந்தச் சக்கரம் கூடுதலாகப் பிடித்து வண்டி இழுக்கும்.

பதில்: பழைய சிலிண்டரில் விரிசல் இல்லாமல் உள்ளே துருக்குழி மட்டும் என்றால், நல்ல லேத்தில் கடைந்து ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் (மெல்லிய உள்குழாய்) இறக்கி, பழைய விட்டத்துக்கே ஹோன் செய்யலாம் (உள்சுவரை வழவழப்பாகத் தேய்ப்பது) நண்பரே. என் கணிப்பில் இதுதான் உறுதியான வழி. ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் கப் மட்டும் புதிதாகப் போடுங்கள். வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்த ரப்பர் வேண்டவே வேண்டாம், இறுகியிருக்கும்.

பதில்: கப்பில் டீசலோ சாதாரண கிரீஸோ படக்கூடாது, ரப்பர் ஊதிவிடும். பிரேக் ஆயிலிலேயே கழுவுங்கள். அது ஈரத்தை உறிஞ்சுவதால்தான் இந்தத் துரு. 2 வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள்.