புதிய நிலையமா, கூடுதல் ஆட்களா: சராசரி நேரத்தை வைத்து முடிவெடுக்கலாமா?

கேள்வி (நிர்வாகப் பிரிவு எழுத்தர்):
வணக்கம். ஒரு மாநகரத் தீயணைப்புத் துறையின் நிர்வாகப் பிரிவில் பணிபுரிகிறேன். அடுத்த நிதியாண்டுக்கான முன்மொழிவைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. எங்கள் வண்டிகள் சம்பவ இடத்தை அடையும் சராசரி நேரம் 5 நிமிடம் என்று மாத அறிக்கைகள் சொல்கின்றன. ஆனால், நகரின் ஓரப் பகுதிகளிலிருந்து தாமதப் புகார்கள் நின்றபாடில்லை. அங்கே புதிய நிலையம் வேண்டும் என்கிறார்கள் மேலதிகாரிகள். இருக்கும் நிலையங்களுக்கே மிகைநேர ஊதியம் எகிறும்போது இன்னொன்று எதற்கு என்கிறது நிதிப் பிரிவு. எதை முன்வைப்பது?

பதில் (ஓய்வுபெற்ற நிலைய அலுவலர்):
முதலில் அந்தச் சராசரியை ஓரமாக வையுங்கள். ஐந்து அழைப்புகளுக்கு முறையே 3, 3, 4, 4, 11 நிமிடங்கள் ஆகியிருந்தால் சராசரி 5தான். 11 நிமிடம் காத்திருந்தவருக்கு அதனால் என்ன பயன்? அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் (என்எஃப்பிஏ) வகுத்த 1710 தரநிலை சராசரியைக் கேட்பதில்லை. தீ அழைப்பு என்றால் வீரர்கள் புறப்பட 80 வினாடி, முதல் வண்டி பயணிக்க 240 வினாடி என்று தனித்தனியே வரம்பிட்டு, நூற்றுக்குத் தொண்ணூறு அழைப்புகளில் அவை எட்டப்பட வேண்டும் என்கிறது.

இப்படிப் பிரித்துப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. நான் பொறுப்பேற்ற ஒரு நிலையத்தில் தாமதத்துக்குப் போக்குவரத்து நெரிசல்தான் காரணம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். மணி அடித்ததும் கடிகாரத்தோடு வண்டிக் கொட்டகையில் நின்று பார்த்தேன். காலணிகளும் காற்சட்டைகளும் வண்டியருகே தயாராக இல்லாமல் மாடி அறையில் கிடந்தன. கொட்டகையின் இரும்புக் கதவை ஒருவர் கையால் சுற்றித் தூக்கும்வரை இயந்திரம் உறுமிக்கொண்டே நின்றது. வண்டி வாசலைத் தாண்டுவதற்குள் இரண்டு நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. இதற்குப் புதிய கட்டடம் மருந்தாகாது.

இன்னொன்றையும் பாருங்கள். தாமதமான அழைப்புகளின்போது அருகிலிருந்த வண்டி வேறு சம்பவத்துக்குப் போயிருந்ததா? அப்படியானால் உங்களுக்குத் தேவை புதிய நிலையம் அன்று, இருக்கும் நிலையத்திலேயே இரண்டாவது வண்டியும் அதற்கான குழுவும்.

பதில் (பணியாளர் திட்டமிடல்):
மிகைநேரத்தைப் பற்றி ஒரு சொல். பல துறைகளில் ஒப்பளிக்கப்பட்ட பணியிட எண்ணிக்கையே கணக்குப் பிழையோடுதான் தொடங்குகிறது. ஒரு வண்டியில் எந்நேரமும் நால்வர் இருக்க வேண்டுமென்றால் ஆண்டுக்கு 4 × 8,760 = 35,040 மணி நேரம் நிரப்பப்பட வேண்டும். 24 மணி நேரப் பணி, 48 மணி நேர ஓய்வு என்ற முறையில் ஒருவருக்கு வாரம் 56 மணி, அதாவது ஆண்டுக்கு 2,912 மணி வருகிறது. பன்னிரண்டு பேர் போதும் என்று தோன்றும். விடுப்பு, பயிற்சி, காயம் என ஒருவருக்கு 400 மணி கழிந்தால் பதினான்கு பேர் வேண்டும். அந்த இரண்டு இடங்களை ஒப்பளிக்காமல் விட்டுவிட்டு, ஆண்டு முழுவதும் அதே மணிநேரத்தை மிகைநேர விகிதத்தில் வாங்குகிறோம். நிதிப் பிரிவிடம் இந்தக் கணக்கையே வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. வண்டிக்கு மூவர் போதும் என்று குறைத்துச் செலவைச் சமாளிக்கலாம் என்றும் ஒரு யோசனை இருக்கிறது. அது சரியா?

பதில் (ஓய்வுபெற்ற நிலைய அலுவலர்):
நான் கையெழுத்திட மாட்டேன். அமெரிக்கத் தேசியத் தரநிலை, தொழில்நுட்பக் கழகம் 2010இல் வெளியிட்ட கள ஆய்வில், சாதாரண வீட்டுத் தீயொன்றில் செய்ய வேண்டிய 22 பணிகளை நால்வர் குழுக்கள் மூவர் குழுக்களைவிட ஏறத்தாழ 5 நிமிடம் முன்னதாக முடித்தன. புதிய நிலையம் கட்டிப் பயணத்தில் இரண்டு நிமிடம் மிச்சப்படுத்தினாலும், ஆளைக் குறைத்துச் சம்பவ இடத்தில் அதைப்போல் இருமடங்குக்கும் மேலாகத் தொலைப்பதாகிவிடும்.

கேள்வி கேட்டவர்:
இன்று பதிவேடுகளைப் புரட்டினேன். அழைப்பு வந்த நேரம், சேர்ந்த நேரம் என இரண்டே பத்திகள்தாம் உள்ளன; வண்டி புறப்பட்ட நேரம் எங்குமே இல்லை. சேர்ந்த நேரமும் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகவே எழுதப்பட்டிருக்கிறது.

பதில் (பணியாளர் திட்டமிடல்):
அப்படியானால் அந்த 5 நிமிடச் சராசரியையும் அறிக்கையில் சேர்க்காதீர்கள். புறப்பாட்டுக்கு ஒரு பத்தி சேர்த்து, மூன்று மாதப் பதிவு கிடைத்த பிறகு நிலம் தேடலாம். பதினான்கு பேர் கணக்குக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.