"சரிதானே?" என்று கேட்டால் "சரி" என்றுதான் வரும்: மருந்துப் பாதுகாப்புப் பயிற்சியில் எங்கள் அனுபவங்கள்

வார்டு நர்ஸ் (தொடங்கியவர்)

ஒன்பது வருடமாக வார்டில் இருக்கிறேன். மருந்துப் பாதுகாப்புப் பயிற்சிக்கு இரண்டு நாள் கட்டாயம் வர வேண்டும் என்றார்கள். நைட் டூட்டி முடித்த கண்ணோடு, வேண்டாவெறுப்பாகத்தான் போனேன். ஊசி போடத் தெரியாதவர்களா நாம் என்ற எண்ணம் வேறு.

முதல் நாள் காலையிலேயே ஒரு டிரேயை முன்னால் வைத்தார்கள். ஒரு இன்சுலின் குப்பி, ஒரு சிரிஞ்ச், '20 யூனிட்' என்று எழுதிய சீட்டு. 20 கோடு வரை இழுத்தேன். வழக்கம்போலப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டி, "இருபது, சரிதானே?" என்றேன். பார்த்துவிட்டு "சரி" என்றார். இரண்டு பேரும் கையெழுத்தும் போட்டாயிற்று.

பயிற்சியாளர் குப்பியைத் திருப்பிக் காட்டினார். மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலின். சிரிஞ்சோ மில்லிக்கு 40 யூனிட் உள்ளதற்கானது, சிவப்பு மூடி. அதில் 20 கோடு என்றால் அரை மில்லி. அதாவது நான் இழுத்து வைத்திருந்தது 50 யூனிட். எனக்குக் கை சில்லிட்டுவிட்டது.

அவர் திட்டவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம், "நீங்கள் எதைப் பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். "இவங்க காட்டின கோட்டை" என்றார் அவர்.

அப்புறம் சரிபார்க்கும் முறையையே மாற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டாவது ஆள் தானே சீட்டை வாசித்து, குப்பியை எடுத்துப் பார்த்து, தனியாகக் கணக்குப் போட வேண்டும். முதல் ஆளின் விடை அவர் காதில் விழவே கூடாது. கடைசியில்தான் இரண்டையும் ஒப்பிடுவது. எல்லா மருந்துக்கும் இப்படிச் செய்ய நேரம் கிடையாது. இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், புற்றுநோய்க்கான கீமோ, குழந்தைகளின் டோஸ் போன்றவற்றுக்கு மட்டும்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

மருந்தாளுநர்

பயிற்சியைக் குறை சொல்லவில்லை. ஆனால் மனிதருக்குப் பாடம் எடுப்பதைவிட அலமாரியை மாற்றுவது பலன் தரும் என்பது என் கட்சி. எங்களிடம் டோபமின், டோபுடமின் என்று பெயர் ஒன்றுபோல ஒலிக்கும் இரண்டு வெவ்வேறு மருந்துகள் ஒரே தட்டில், ஒரே அளவு பெட்டியில் இருந்தன. பயிற்சி முடிந்த வாரமே ஒன்றை வேறு தட்டுக்குக் கொண்டுபோனோம். அடர் பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல்களை வார்டிலிருந்தே எடுத்துவிட்டோம். கலக்காமல் ரத்தக்குழாயில் போய்விட்டால் இதயம் நின்றுவிடும் மருந்து அது. "அவசரத்துக்கு என்ன செய்வது?" என்று வார்டுகள் ஒரு மாதம் எங்களோடு பேசவே இல்லை! இப்போது கலந்த பையாகத்தான் போகிறது. தூக்கக் கலக்கத்தில் கை நீட்டினாலும் அங்கே ஆம்பூல் இருக்காது.

பயிற்சி மருத்துவர்

என் கதை கொஞ்சம் வெட்கக்கேடு. பத்து யூனிட் என்பதை '10U' என்று கிறுக்கி வைத்திருந்தேன், அந்த U பூஜ்யம் மாதிரி இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு போன். "டாக்டர், இது பத்தா நூறா?" எரிச்சலோடு ஏதோ சொல்லி வைத்துவிட்டேன்.

பயிற்சியில் வேடம் மாற்றிப் பேசச் சொன்னபோது எனக்கு விழுந்தது நர்ஸ் வேடம். எதிரே டாக்டராக நடித்த சீனியர் நர்ஸ் எரிந்து விழுந்தார் பாருங்கள், அப்படியே என் குரல். அறையே சிரித்தது, எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இப்போதெல்லாம் 'யூனிட்' என்று முழுதாக எழுதுகிறேன். போனில் ஆர்டர் சொன்னால் 'ஃபிஃப்டீன், ஒன்று ஐந்து' என்று இலக்கம் பிரித்துச் சொல்லி, திருப்பிச் சொல்லவும் கேட்கிறேன்.

இன்னொரு நர்ஸ்

நீங்களெல்லாம் கொடுத்து வைத்தவர்கள். எங்களுக்குப் பயிற்சி என்றால் செப்டம்பர் 17, உலக நோயாளர் பாதுகாப்பு நாள். ஒரு மணி நேரம் ஸ்லைடு, கையெழுத்து, குரூப் போட்டோ. 'தவறைத் தயங்காமல் தெரிவியுங்கள், தண்டனை இல்லை' என்றார்கள். நம்பி, நோயாளியிடம் போகும் முன்பே நான் கண்டுபிடித்த ஒரு தவறை எழுதிக் கொடுத்தேன். மறுநாள் எனக்கு மெமோ. அதற்கப்புறம் எங்கள் வார்டில் தவறே நடப்பதில்லை, காகிதத்தில்.

வார்டு நர்ஸ் (தொடங்கியவர்)

மெமோ விஷயம் வயிற்றெரிச்சல். எங்களிடமும் முன்பு அப்படித்தான் இருந்தது. பயிற்சிக்கு மேலதிகாரிகளும் வந்து உட்கார்ந்த பிறகுதான் கொஞ்சம் மாறியது.

மருந்தாளுநர் சொன்ன அலமாரி விஷயம் சரிதான், ஆனால் எல்லாவற்றையும் அலமாரியால் தடுத்துவிட முடியாது. போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். 8 கிலோ குழந்தைக்குப் பாராசிட்டமால் சிரப், 120 மில்லிகிராம். புதிதாகச் சேர்ந்த பெண் அளந்து எடுத்துவந்து, "அக்கா, இது..." என்று நீட்டினாள். "சொல்லாதே, கீழே வை" என்றேன். கோபம் என்று நினைத்து முகம் வாடிவிட்டது. நானும் சீட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். என் விடை 5 மில்லி. அவள் எடுத்திருந்தது 2.4.

சேர்ந்து பாட்டிலைப் பார்த்தோம். எப்போதும் வரும், 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ள பாட்டில் இல்லை, இது 5 மில்லிக்கு 250 மில்லிகிராம். லேபிளை வாசித்தவள் அவள். நான் பழக்கத்தில் போட்டுவிட்டேன்.