பிளாக் டைம்: 'நிலையிடை நேரம்' பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

விமானப் பயணத்தின் அளவுகளைத் தமிழில் சொல்ல 'விமானத் தூரம்', 'பயண நேரம்' என்ற இரண்டு சொற்களே போதும் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் வேறுவேறு அளவுகள் கலந்து கிடக்கின்றன. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கு இடைநிற்காமல் போகும் விமானத்தை வைத்தே பார்க்கலாம்.

தூரத்துக்கு 'நேர்கோட்டுத் தூரம்' வேண்டாம். நேர்கோடு போட்டால் அது பூமியைத் துளைத்துக்கொண்டு போகும். உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி, பெருவட்டத்தின் (உருண்டையின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட வட்டம்) ஒரு வில். வடிவியலில் பழகிய சொல்தான். 'பெருவட்டத் தூரம்' என்றே வைத்துக்கொள்ளலாம். சாங்கி கிழக்கே 104 பாகையில், கென்னடி மேற்கே 74 பாகையில். கூட்டினால் 178, ஏறத்தாழ உருண்டையின் எதிரெதிர்ப் பக்கங்கள். அதனால் இந்த வில் வடதுருவத்தை ஒட்டியே ஏறி இறங்குகிறது. சாங்கியிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை, அங்கிருந்து கென்னடிக்கு 49.4. மொத்தம் 138. பாகைக்கு 111 கி.மீ. என்று பெருக்கினால் 15,300 கி.மீ.க்குச் சற்று மேல் வரும். ஆனால் காற்றைப் பார்த்து விமானம் சில நாள் பசிபிக் பக்கமாகச் சுற்றிப் போகும். அப்படி உண்மையில் பறப்பது இதைவிடக் கூடுதல். அது 'தடத் தூரம்'.

நேரத்தில்தான் சிக்கல். சக்கரம் தரையை விட்டு எழுவதிலிருந்து மீண்டும் தரை தொடும் வரை 'பறப்பு நேரம்'. பறப்பு என்ற சொல் இலங்கைத் தமிழில் புழங்குவதுதான். ஆனால் கால அட்டவணையில் 18½ மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கிறார்களே, அது இதுவல்ல. நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து, போன ஊரில் நிறுத்துமிடம் சேரும் வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு உருண்டு போவதும் வரிசையில் காத்திருப்பதும் இதில் அடங்கும். இதைத்தான் பிளாக் டைம் என்கிறார்கள். பிளாக் என்பது சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டை.

அதற்காக 'கட்டை நேரம்' என்றால் நன்றாகவா இருக்கிறது? முட்டுக்கட்டை என்றாலோ தடை என்ற பொருள்தான் முந்திக்கொண்டு வரும். ஆனால் முட்டுக்கட்டை என்றதும் எனக்குத் தேர் நினைவுக்கு வந்தது. தேர் புறப்படும் இடமும் வந்து நிற்கும் இடமும் நிலை. 'தேர் நிலைக்கு வந்தது' என்று இன்றும் சொல்கிறோம். விமானம் நிற்கும் இடத்துக்கும் 'நிலை' அப்படியே பொருந்துகிறது. சரி, அங்கிருந்து கிளம்புவது 'நிலைபெயர்வு', போய் நிற்பது 'நிலைசேர்வு', இடைப்பட்டது 'நிலையிடை நேரம்'. மூன்றும் ஒரே வேரில் வருவதால் ஒன்றைத் தெரிந்தவருக்கு மற்ற இரண்டும் தானே விளங்கும்.

'நிலையிடை' என்பதை இரண்டு நிலையங்களுக்கு இடையே என்று ஒருவர் படித்தாலும் பொருள் கெடாது என்றே நினைக்கிறேன். விமானத் துறையில் வேலை பார்ப்பவர்கள் யாராவது இருந்தால், நிறுத்துமிடத்தை உங்களுக்குள் தமிழில் எப்படிச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். 'நிலை'யைவிட நல்ல சொல் புழக்கத்தில் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.