மின்வெட்டுக்குப் பிறகு ஸ்பாட் நேரம் தப்பாகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. காட்பாடியில், வீட்டிலேயே ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினியில் டிஎக்ஸ்ஸ்பைடர் மென்பொருளை வைத்து ஹாம் ரேடியோ கிளஸ்டர் நோடு நடத்துகிறேன். எந்த நிலையம் எந்த அலைவரிசையில் கேட்கிறது என்ற குறிப்புகளை (ஸ்பாட்) ஹாம்களுக்குள் பகிரும் வலையமைப்பில் இது ஒரு மையம். கரண்ட் போய் வந்தால் பை தானாக எழுந்துவிடும். ஆனால் அதில் பேட்டரி கடிகாரம் இல்லை. இணையம் வந்து நேரம் சரியாவதற்குள் ஸ்பைடர் ஓட ஆரம்பித்துவிடுகிறது.

நேற்றுச் சாயங்காலம் 6:40-க்கு, அதாவது உலகப் பொது நேரம் (யுடிசி) 13:10-க்கு, 14.030 மெகாஹெர்ட்ஸில் ஒரு தீவு நிலையத்தைக் கேட்டு ஸ்பாட் போட்டேன். அதில் நேரம் 11:19 என்று விழுந்தது! ஒரு மணி நேரத்துக்கு மேல் பழைய ஸ்பாட்டை மற்ற நோடுகள் ஏற்காது, அங்கேயே நின்றுவிட்டது. நம்பி இணைந்திருப்பவர்களை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

சிஸ்டம்டி-யில் (லினக்ஸில் நிரல்களைத் தொடங்கி வைக்கும் அமைப்பு) நேரம் சரியாகும்வரை ஸ்பைடரைக் காக்க வைப்பதா? இணையம் வராவிட்டால்? அல்லது டிஎஸ்3231 என்ற பேட்டரி கடிகார மாட்யூல் போதுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.